குளிர்காலப் பயணத்தின் கடைசி 48 மணி நேரம்: பின்னாலிருந்து எண்ணுவோம்

இரண்டு நண்பர்கள் சேர்ந்து போகும் ஆறு நாள் குளிர்காலப் பயணத்தில் ஐந்தாம் நாள் மாலை ஹோட்டல் அறை எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஹீட்டர் மேல் இரண்டு ஜோடி சாக்ஸ். கதவோரம் ஈர ஷூக்கள். அவற்றின் விளிம்பில் சாலை உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். மேசையில் கசங்கிய ரசீதுகள், யாருடையது என்றே தெரியாத ஒரு சார்ஜர். இரண்டு பேரில் ஒருவர் "அந்த மியூசியம் இன்னும் பாக்கி இருக்கே" என்பார். மற்றவர் கட்டிலை விட்டு எழவே மாட்டார். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவதென்றால் பெரும்பாலும் இந்த அறையில்தான் வரும். ஈரம், களைப்பு, பணக் கணக்கு, குறுகிப்போன பகல் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே இரவில் வந்து நிற்கும்.

இவற்றை வேறு வேறு நேரத்துக்குப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு தாளின் அடியில் விமானம் கிளம்பும் நேரத்தை எழுதுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி 48 மணி நேரத்தை எண்ணிக்கொண்டே போங்கள். எல்லா வேலைக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுகிற வெள்ளை இடம்தான் ஊர் சுற்றும் நேரம். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: பார்க்க வேண்டிய இடங்களை முதலில் நிரப்பிவிட்டு, மற்றதெல்லாம் எப்படியாவது நடந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். கோடையில் அது நடக்கும். குளிரில் நடக்காது.

தாளின் அடியிலிருந்தே தொடங்கலாம். குளிர்கால விமானம் தாமதமாவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இறக்கையில் படியும் பனி. மெல்லிய உறைபனிகூடக் காற்றோட்டத்தைக் கெடுத்துத் தூக்குவிசையைக் குறைத்துவிடும் என்பதால், அதை நீக்காமல் விமானத்தைக் கிளப்பக் கூடாது. சூடாக்கிய கிளைக்கால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கலவையை, வழக்கமாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பீய்ச்சி அடித்துப் பனியை உருக்குவார்கள். அப்போதும் பனி கொட்டிக்கொண்டிருந்தால் மேலே கெட்டியான பச்சை நிறத் திரவம் ஒரு பூச்சு. அந்தப் பூச்சு எத்தனை நிமிடம் தாங்கும் என்று வெப்பநிலையையும் பனிப்பொழிவையும் வைத்து ஓர் அட்டவணை உண்டு. அந்த நேரத்துக்குள் எழும்ப முடியாமல் வரிசையில் மாட்டிக்கொண்டால் மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டியதுதான். ஜன்னலுக்கு வெளியே பச்சை வழிவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

ஆகவே வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால், கோடையில் தாராளமாகத் தோன்றும் ஒரு மணி நேர இடைவெளி குளிர்காலத்தில் போதாது. இரண்டு மணி நேரமாவது வேண்டும். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான். காலை முதல் விமானத்தைப் பிடிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரவெல்லாம் வெளியில் நின்ற விமானம் என்பதால் பனி நீக்கம் கிட்டத்தட்ட உறுதி; ஆனால் முந்தைய விமானங்களின் தாமதம் அதன்மேல் வந்து சேராது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் முதல் விமானமே மேல்.

விமான நிலையத்தில் நேரத்தைத் தின்பவை இரண்டு. வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்கும் நாடு என்றால், பெரும்பாலும் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்கத்தில் பொருளைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பொருள் பெட்டியின் அடியில் கிடந்தால் நடைபாதையில் உள்ளாடைகளைப் பரப்பித் தேட வேண்டியதுதான். அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டாவது பாதுகாப்புச் சோதனை. குளிர்காலப் பயணத்தில் அங்கே மாட்டுவதற்கென்றே ஒரு பொருள் இருக்கிறது: குலுக்கினால் உள்ளே பனி கொட்டும் கண்ணாடி உருண்டை. அதற்குள் இருப்பது திரவம். 100 மில்லி வரம்பு நடைமுறையில் உள்ள இடங்களில் பெரிய உருண்டையைக் கைப்பையில் விடமாட்டார்கள். கம்பளி சாக்ஸுக்குள் திணித்துப் பெரிய பெட்டியின் நடுவில் வைத்துவிடுங்கள். ஜாம், தேன் எல்லாம் இதே கணக்குதான்.

பவர்பேங்க் இதற்கு நேரெதிர். கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. மேலே மில்லி ஆம்பியர் மணி (mAh) மட்டும் அச்சிட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள்: 20,000 என்றால் 74 வாட்-மணி. பேட்டரியில் சூடாகும் கையுறையையும் இதே கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மட்டும் வரும் விருந்தாளி என்பதால் பலர் அதைப் பேட்டரியோடு பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டையைக் கைப்பையில் எல்லா இடத்திலும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது, பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இப்போது நேரக் கணக்கு. காலை 11.00 மணிக்கு விமானம் என்று வையுங்கள். 8.00 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். ரயில் 45 நிமிடம், பனிக்காக உபரி 30 நிமிடம். அப்படியானால் 6.45-க்கு ஹோட்டல் வாசலைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் வெளியே கும்மிருட்டாக இருக்கும் என்பதைவிட, தரை கண்ணாடியாக இருக்கும் என்பதுதான் கவலை. பகலில் உருகிய பனிநீர் இரவில் மறுபடி உறைந்திருக்கும். தூவிய உப்பை நம்ப முடியாது. சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி வேகமிழந்துவிடும். அதற்குக் கீழே மணலோ பொடிக்கல்லோதான் தூவுவார்கள். அந்தக் கல் ஷூவின் அடியிலும் பெட்டியின் சக்கரத்திலும் ஏறிக்கொள்ளும்.

நான்கு சின்னச் சக்கரம் வைத்து நாலாபுறமும் சுழலும் பெட்டி பளிங்குத் தரைக்காகப் பிறந்தது. சேறும் பனியும் கலந்த நடைபாதையில் அது ஒரு பக்கமாக இழுக்கும், பிறகு நின்றுவிடும். தள்ளாதீர்கள், சாய்த்து, பின் இரண்டு சக்கரத்தில் மட்டும் இழுங்கள். நடக்கும்போது காலைச் சிறிதாக எடுத்து வைத்து, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் தரையில் பதியுங்கள். உடம்பின் எடை முன்காலின் மேல் இருக்கட்டும். கையைப் பாக்கெட்டில் விடக் கூடாது. விழுந்தால் ஊன்ற கை வேண்டும். வழுக்கும் இடத்தில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு போவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒருவர் விழுந்தால் இருவரும் விழுவீர்கள். இரண்டு பெட்டி, இரண்டு முதுகுப்பை என்றால் 800 மீட்டர் நடை என்பது 10 நிமிடமல்ல, 20. அந்த ஒரு காலைக்கு மட்டும் டாக்ஸி எடுப்பதில் தவறே இல்லை. முந்தின இரவே சொல்லி வையுங்கள்.

ரயிலில்தான் போவதென்றால் கையிலிருக்கும் பாஸைப் பாருங்கள். 24 மணி நேர பாஸ், ஒரு நாள் பாஸ் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது நீங்கள் முதன்முறை பயன்படுத்திய நேரத்திலிருந்து ஓடும். இரண்டாவது பெரும்பாலும் நள்ளிரவோடோ கடைசி வண்டியோடோ முடிந்துவிடும். முந்தின நாள் காலை 9.00 மணிக்குத் தொடங்கிய 24 மணி நேர பாஸ், மறுநாள் 6.45-க்குக் கிளம்பிப் போய்ப் பிடிக்கும் ரயிலுக்கும் செல்லும். விமான நிலையம் அந்த பாஸின் எல்லைக்குள் வருகிறதா என்பது தனிக் கேள்வி. பல ஊர்களில் வராது.

டிக்கெட், விமான அட்டை எல்லாம் போனில் இருந்தால் குளிர் ஒரு விளையாட்டுக் காட்டும். குளிரில் லித்தியம் அயான் பேட்டரியின் உள்தடை கூடிவிடும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்துபோகும். சார்ஜ் உள்ளேதான் இருக்கிறது, வெளியே வர மறுக்கிறது, அவ்வளவே. கோட்டின் வெளிப் பாக்கெட்டிலிருந்து உள் பாக்கெட்டுக்கு மாற்றினாலே போதும். சில்லிட்ட போனை உடனே சார்ஜரில் மாட்ட வேண்டாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து, அந்தச் சேதம் நிரந்தரமாகத் தங்கும். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். இரண்டு பேரின் டிக்கெட்டும் இரண்டு போனிலும் இருக்கட்டும்.

தாளில் இன்னும் மேலே போனால் கடைசி இரவு. பெட்டி கட்டுவதைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து கட்டலாம் என்று போனவர்கள் யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை.

இறகு ஜாக்கெட், கம்பளி ஸ்வெட்டர் இவற்றின் தொல்லை எடையில் இல்லை, இடத்தில். அதற்காகக் காற்றை வெளியேற்றும் பையில் போட்டு அமுக்குவார்கள். இடம் மிச்சமாகும், எடை அப்படியே இருக்கும். பாதி காலியான பெட்டியைப் பார்த்துவிட்டு இன்னும் நான்கு பொருளைப் போடுவோம். கவுண்டரில் 23 கிலோ வரம்பைத் தாண்டி நிற்கும். இன்னொன்று, அமுக்கும் பைக்குள் துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. ஈர இறகு கட்டியாகத் திரண்டு, ஒரு நாளில் நாற்றம் பிடித்துவிடும். கனமான பூட்ஸையும் பெரிய கோட்டையும் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். கோட்டின் பாக்கெட்டுகளில் தொப்பி, கையுறை, சால்வை. அதுவே ஒன்றரை, இரண்டு கிலோ வரும்.

தொங்கவிட்டு எடை பார்க்கும் கருவி இல்லையா? ஹோட்டலில் ஆள் எடை பார்க்கும் கருவியைக் கேட்டு வாங்கி, முதலில் வெறுங்கையோடு ஏறி நில்லுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். கழித்தால் பெட்டியின் எடை. அரை கிலோ முன்பின் இருக்கும், ஆகவே 22-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் பெட்டி 25, மற்றவர் பெட்டி 18 என்றால் பொருளை மாற்றி வைக்கத் தோன்றும். ஒரே விமானம், ஒரே ஊர் என்றால் சரி. ஆளுக்கொரு விமானம் என்றால் செய்யாதீர்கள். அடுத்தவருடைய பொருளுக்குச் சுங்கத்தில் பதில் சொல்லும் பொறுப்பு பெட்டிக்குச் சொந்தக்காரருடையது. தவிர, அப்படி மாற்றி வைத்த ஸ்வெட்டர் திரும்பி வர ஆறு மாதம் ஆகும்.

ஷூவைப் பெட்டியில் வைப்பதானால் அடிப்பாகத்தைத் துடைத்து, ஹோட்டலில் தரும் குளியல் தொப்பியை அதன்மேல் மாட்டுங்கள். அளவு கச்சிதமாக இருக்கும்.

காலையில் கிளம்பும்போது அறையை ஒருவர் மட்டும் சோதிக்கட்டும், மற்றவர் கதவருகே பெட்டிகளோடு நிற்கட்டும். இரண்டு பேரும் தேடினால் இரண்டு பேரும் "நீ பாத்திருப்ப" என்று நினைத்துக்கொள்வீர்கள். குளிர்கால அறையில் பொருள் ஒளியும் இடங்கள் வேறு: ஹீட்டருக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்த சாக்ஸ், திரைக்குப் பின்னால் ஜன்னல் திண்ணையில் வைத்த கையுறை, கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில் அடாப்டர். விளக்கை எல்லாம் போட்டுவிட்டுத் தேடுங்கள்.

இனி அதற்கும் முந்தைய இரவு. துவைப்பதும் கணக்கு முடிப்பதும் இங்கேதான்.

கணக்கைக் கடைசி இரவுக்கு வைத்தால் இரண்டு பேரும் பெரிய மனசு காட்டி "விடு, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவீர்கள். மூன்று மாதம் கழித்து அது உறுத்தும். ஒரு நாள் முன்பே போட்டுவிட்டால், யார் பாக்கி தர வேண்டுமோ அவர் அடுத்த நாள் செலவைக் கையிலெடுத்து நேர் செய்துவிடலாம். முறை எளிது, தவறுவது ஒரே இடத்தில்தான். நீங்கள் மொத்தம் 800 செலவழித்தீர்கள், அதில் 60 நண்பருக்கு வாங்கிய கையுறை. நண்பர் 420 செலவழித்தார், அதில் 20 உங்களுடைய குடை. பொதுச் செலவு உங்களுடையது 740, அவருடையது 400, ஆக 1140, ஆளுக்கு 570. நீங்கள் 170 அதிகம் போட்டிருக்கிறீர்கள். சொந்தச் செலவில் அவர் உங்களுக்குத் தர வேண்டியது 60, நீங்கள் தர வேண்டியது 20, நிகரம் 40. ஆக அவர் தர வேண்டியது 210. கையுறையையும் குடையையும் பொதுவில் சேர்த்து 1220-ஐ இரண்டாக வகுத்தால் 190 வரும். 20-தானே வித்தியாசம் என்று தோன்றலாம். அந்த 60-க்கும் 20-க்கும் இடையிலான இடைவெளி கூடக்கூட இந்த வித்தியாசமும் வளரும்.

கார்டில் போன செலவுக்குப் போன் செயலி காட்டும் மாற்று விகிதத்தை எடுக்காதீர்கள். கார்டு அறிக்கையில் வந்த தொகைதான் உண்மையில் போன பணம். ஹோட்டல் முன்பணமாகப் பிடித்து வைத்த தொகை செலவு ஆகாது, சில நாளில் விடுபடும். அதைக் கணக்கில் சேர்த்துச் சண்டை போட வேண்டாம். கடை இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், மற்றதில் பொதுவாக விகிதம் மோசம். சில்லறைக் காசை இப்போதே எண்ணிக் கொட்டுங்கள். நாணயத்தைப் பணமாற்றுக் கடைகள் பெரும்பாலும் வாங்காது. நாளைய சின்னச் செலவெல்லாம் அந்தக் குவியலிலிருந்து போகட்டும்.

அன்றிரவே படங்களையும் பரிமாறிக்கொள்ளுங்கள். செய்தி அனுப்பும் செயலியில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். 400 படம், ஒவ்வொன்றும் 3 எம்பி என்றால் 1.2 ஜிபி. ஹோட்டல் வைஃபையில் தூங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். விமான நிலைய வைஃபையில் சேராது.

துணி உலர்வதில் குளிர்காலம் நமக்கு ஓர் உபகாரம் செய்கிறது. பூஜ்ய டிகிரியில் காற்று ஒரு கன மீட்டருக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால் 19 கிராமுக்கு மேல் தாங்கக்கூடியதாகிவிடும்; ஆனால் அதனுள் இருப்பது பழைய 5 கிராம்தான். ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. உதடு வெடிப்பதும் இதனால்தான், சாக்ஸ் ஒரே இரவில் காய்வதும் இதனால்தான். துவைத்ததும் முறுக்க வேண்டாம். உலர்ந்த துவாலையில் பாய்போல் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதித்து, பிறகு தொங்கவிடுங்கள். உள்ளே போடும் பாலியெஸ்டர் தெர்மல் காலைக்குள் காய்ந்துவிடும், மெல்லிய கம்பளியும் அப்படியே. ஜீன்ஸைத் தொடாதீர்கள். இடுப்புத் தையல் ஒன்றரை நாள் ஆனாலும் ஈரமாகவே இருக்கும்.

ஷூ விஷயத்தில்தான் பொறுமை வேண்டும். நனைந்த ஷூவை ஹீட்டர் மேல் ஏற்றி வைத்தால் காலையில் காய்ந்திருக்கும். கூடவே பசை விட்டு அடித்தோல் பிளந்தும், தோல் விறைத்தும் இருக்கும். முதலில் நாடாவை முழுவதும் உருவி, நாக்கை வெளியே இழுத்து, உள் அட்டையைத் தனியே எடுத்துவிடுங்கள். ஈரத்தில் பாதி அந்த அட்டைக்கு அடியில் பதுங்கியிருக்கும். நாளிதழைக் கசக்கி விரல் நுனி வரை திணியுங்கள். வழவழப்பான பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. நாளிதழ் கிடைக்காவிட்டால் டாய்லெட் பேப்பர் போதும். முதல் தாள் ஒரு மணி நேரத்தில் சொதசொதவென்று ஆகிவிடும், மாற்றுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. ஹீட்டரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, அடிப்பாகத்திலும் காற்றுப் படும்படி பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். விளிம்பில் பூத்த உப்பை அன்றிரவே வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். நாள்பட விட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தேய்க்க வேண்டிவரும். ஹோட்டலில் வினிகருக்கு எங்கே போவது.

கேமராவுக்கு இதன் மறுபக்கம்: சில்லிட்ட கேமராவின் மேல் அறைக் காற்றின் ஈரம் படியும். வெளியிலிருந்து உள்ளே வரும் முன்பே ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே வந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். ஈரம் பையின் வெளியே படியட்டும், லென்ஸில் படிய வேண்டாம். மெமரி கார்டை மட்டும் வெளியே இருக்கும்போதே உருவிக்கொண்டால் படம் பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதிய பின் தாளில் மிஞ்சுவது ஒரு முழுப் பகலும் அதன் மாலையும். டிசம்பர் 21-ஐ ஒட்டி வடக்கு 40 டிகிரி அட்சரேகையில் பகல் சுமார் 9 மணி நேரம் 20 நிமிடம். 50 டிகிரியில் 8 மணி நேரம். 60 டிகிரியில் 6 மணி நேரத்துக்கும் குறைவு. இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. மிகக் குறுகிய பகலன்றுதான் மிகச் சீக்கிரம் இருட்டும் என்று நினைப்போம். நடு அட்சரேகைகளில் அது டிசம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியே வந்துவிடுகிறது. மிகத் தாமதமான விடியலோ புத்தாண்டை ஒட்டித்தான் வரும். ஆண்டு முடிவில் போகிறவர்கள் மாலையில் சில நிமிடம் ஏற்கெனவே திரும்பப் பெற்றிருப்பார்கள், விடிகாலையில் எதுவும் கிடைத்திருக்காது. எனவே காலையில் அவசரப்பட்டு எழுவதில் லாபமில்லை. 11.00 முதல் 3.00 வரை வெளியிடங்கள், இருட்டிய பிறகு கூரையுள்ள இடங்கள். மதியம் குளிர் தாங்காமல் மியூசியத்துக்குள் நுழைந்து, வெளியே வரும்போது பகலையே தொலைத்தவர்கள் நிறையப் பேர். மியூசியம் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், பல இடங்களில் திங்கட்கிழமை. கடைசி நுழைவு மூடுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். இரண்டையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அந்தப் பகலுக்கு ஆளுக்கொரு விருப்பம், அதற்கு மேல் கிடையாது. விருப்பம் ஒத்துப்போகாவிட்டால் மதியம் மூன்று மணி நேரம் பிரிந்து போங்கள். ஐந்து நாள் ஒரே அறையில் இருந்தவர்களுக்கு அது மருந்து. குளிர் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்காது; ஒருவருக்கு 20 நிமிடத்தில் கால்விரல் மரத்துப்போகும், மற்றவர் ஒரு மணி நேரம் பாலத்தின் மேல் நின்று படமெடுப்பார். இவரை அவர் காக்க வைப்பதும், அவரை இவர் அவசரப்படுத்துவதும் தானாக நின்றுவிடும்.

சந்திக்கும் இடத்தை மட்டும் சரியாகப் பேசிக்கொள்ளுங்கள். "கடிகாரக் கோபுரத்துக்குக் கீழே" என்றால் முதலில் வந்தவர் பனியில் நிற்க வேண்டும். கூரைக்குள், கதவைப் பார்த்தபடி உட்காரக்கூடிய ஓர் இடம் வேண்டும். அது இரவு வரை திறந்திருக்க வேண்டும். 4.30 என்றால் 4.45 வரை காத்திருப்பது, அதற்கும் வராவிட்டால் நேரே ஹோட்டல் அறைக்குத் திரும்புவது என்று பேசிவிடுங்கள். போன் அணைந்துபோனாலும் இது நடக்கும். அறைச் சாவி ஒன்றுதான் என்றால் அதை வரவேற்பறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.